பிரேக்குக்கு முளைத்த ஒயர்

சாதாரண சைக்கிளை மின்சார சைக்கிளாக மாற்றும் 'கிட்' ஒன்றை வாங்கிப் பெட்டியைப் பிரித்தால், மோட்டார் பொதிந்த சக்கரம், கன்ட்ரோலர் என்கிற அலுமினியப் பெட்டி, கையால் முறுக்கும் ஆக்ஸிலேட்டர், பெடல் அச்சில் மாட்ட ஒரு காந்தத் தட்டு எல்லாம் வெளியே வரும். அடியில் ஒரு ஜோடி பிரேக் லீவர்களும் கிடக்கும். சைக்கிளில்தான் நல்ல பிரேக் இருக்கிறதே, இது எதற்கு என்று அவற்றை ஓரமாக வைத்துவிடுபவர்கள் உண்டு. லீவரைத் திருப்பிப் பார்த்தால் அதன் அடியிலிருந்து மெல்லிய ஒயர் ஒன்று தொங்குவது தெரியும். பிரேக் பிடித்த கணத்தில், 'போதும், நிறுத்து' என்று மோட்டாருக்குச் சொல்ல வந்த ஒயர் அது.

சைக்கிள் பிரேக்கின் கதை இருநூறு ஆண்டுகளைத் தாண்டியது. அதில் பெரும்பகுதிக் காலம் அதற்கு இருந்தது ஒரே வேலை: சக்கரத்தை நிறுத்துவது. யாருக்கும் எதையும் தெரிவிக்கும் பொறுப்பு அதற்கு இருந்ததில்லை. அந்த இரண்டாவது வேலை அதன் தலையில் எப்படி வந்து விழுந்தது என்பதைத் தெரிந்துகொள்ள, பெடல் இல்லாத காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து கார்ல் வான் டிரைஸ் தாமே செய்த இருசக்கர மரவண்டியில் கிளம்பினார். தரையைக் காலால் உந்தித் தள்ளி ஓட்டும் வண்டி அது. அதிலேயே பிரேக் இருந்தது. கயிற்றை இழுத்தால் ஒரு கட்டை பின்சக்கரத்தில் போய் உரசும். 1860களில் பாரிசில் மிஷோ பட்டறையிலிருந்து வந்த வண்டிகளில் முன்சக்கர அச்சிலேயே பெடல் இருந்தது. ஹேண்டில்பாரை முறுக்கினால் கயிறு இறுகிப் பின்சக்கரத்தின் பிரேக் கட்டை அழுந்தும்.

பெடல் சக்கரத்தோடு நேரடியாகப் பிணைந்திருந்ததால், வண்டி ஓடும் வரைக்கும் காலும் ஓடியாக வேண்டும். ஆனால் அதில் ஒரு வசதியும் இருந்தது. பெடலை எதிர்த்துக் காலை ஊன்றினால் வண்டி தானே தளரும். 1870களில் வந்த ஆளுயர முன்சக்கர சைக்கிளில் இந்த வித்தை உயிர்காக்கும் வித்தையாகவே இருந்தது. அதன் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் வண்டி நிற்கும். ஓட்டியவர் நிற்காமல் ஹேண்டில்பாருக்கு மேலாகப் பறப்பார். ஆகவே அனுபவசாலிகள் கையைவிடக் காலையே நம்பினார்கள். எஞ்சினும் கால்தான், பிரேக்கும் கால்தான். ஓட்டுவதா நிறுத்துவதா என்பதில் குழப்பம் வர வழியில்லை.

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 'ரோவர்' வந்தது. ஏறத்தாழ ஒரே உயரத்தில் இரு சக்கரங்கள், நடுவில் பெடல், பின்சக்கரத்துக்குச் செயின் என்று இன்றைய சைக்கிளின் உருவம் அதில் நிலைபெற்றது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். டயரின் மேல் உரசும் பழைய பிரேக்கோ ரப்பரைத் தின்றது. அதனால் பிரேக் கட்டை மெல்ல ரிம்முக்கு இடம் மாறியது. நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஃப்ரீவீல் பரவியது. மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தன்பாட்டுக்கு உருளலாம். கால் விடுதலை பெற்றது. நிறுத்தும் பொறுப்பு கைக்குப் போனது. 1896இல் இங்கிலாந்தில் எர்னஸ்ட் பௌடன் காப்புரிமை பெற்ற, உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பி அந்தக் கைக்கு நரம்பாயிற்று. இன்று சைக்கிள் கடையில் 'பிரேக் ஒயர்' என்று கேட்டு வாங்குவது அதைத்தான். ஜெர்மனியில் எர்னஸ்ட் சாக்ஸின் 'டார்பிடோ' ஹப் 1903இல் வேறொரு வழியைக் காட்டியது: பெடலைப் பின்னோக்கி மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிரேக் பிடிக்கும்.

நம் ஊர் கண்ட பிரேக் பெரும்பாலும் இன்னொரு ரகம். 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் உருவாக்கிய ஹெர்குலிஸ் போன்ற வண்டிகளில் ஒயருக்குப் பதில் கெட்டியான இரும்புக் கம்பிகள் இருந்தன. லீவரை அழுத்தினால் அவை மேலே இழுபட்டு, ரிம்மின் உட்புறத்தில் பிரேக் கட்டைகளைக் கீழிருந்து மேலாக அழுத்தும்.

இந்த எல்லா ரகத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. பிரேக் பிடிக்கிறவர் அதே நேரத்தில் பெடலை மிதித்துக்கொண்டிருக்க மாட்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே உடம்பு அதைப் பார்த்துக்கொள்ளும். மோட்டாருக்கு அந்த உடம்பறிவு கிடையாது.

சைக்கிளில் மோட்டாரைப் பூட்டும் ஆசை நாம் நினைப்பதைவிடப் பழையது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் கான்டன் நகரைச் சேர்ந்த ஆக்டன் போல்டன் 1895 டிசம்பர் 31 அன்று மின்சார சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். பின்சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார், சட்டத்தின் நடுவே தொங்கும் பேட்டரி. இன்றைய ஹப் மோட்டார் வண்டியைப் பார்த்து வரைந்ததுபோலிருக்கும் அந்தப் படம். 10 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை மின்சாரம் எடுக்கலாம் என்பது அவர் கணக்கு. இரண்டு ஆண்டு கழித்து பாஸ்டனின் ஹோசியா லிபி இரட்டை மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். பேட்டரியின் கனமும் பெட்ரோல் எஞ்சினின் எழுச்சியும் சேர்ந்து இந்த யோசனைகளைப் பல பத்தாண்டுகளுக்குப் பரணில் ஏற்றிவிட்டன. அவை கீழே இறங்கியபோதுதான் பிரேக்கின் புதுச் சிக்கலும் உருண்டு விழுந்தது.

சிக்கல் எவ்வளவு பெரியது என்பதைச் சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். 40 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை கொண்ட மோட்டார் 26 அங்குலச் சக்கரத்தில் இருந்தால், ஊர்ந்து போகும் வேகத்தில் அது வண்டியை ஏறத்தாழ 12 கிலோ எடைக்குச் சமமான விசையோடு முன்னே தள்ளும். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ என்றால், நல்ல வெயிலில் உறுதியாகப் பிரேக் பிடிக்க 50 கிலோ அளவுக்கு எதிர்விசை வேண்டும். அதில் கால்வாசியை மோட்டார் தின்றுவிடும். மழையில் ரிம் நனைந்து பிரேக்கின் பிடி பாதியாகக் குறைந்தால், மோட்டார் தின்னும் பங்கு பாதியாகிவிடும். சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரில் கை தெரியாமல் பட்டால் வண்டி குதித்துப் போய் முன்னால் நிற்பவரை இடிப்பது தனிக் கதை.

இதற்கு ஆசியாவில் இரண்டு விதமான விடைகள் பிறந்தன.

முதல் விடை ஜப்பானுடையது. 1993இல் யமஹா அறிமுகப்படுத்திய 'பாஸ்' சைக்கிளில் ஆக்ஸிலேட்டரே கிடையாது. பெடலில் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைச் சென்சார் அளக்கும். அதற்கேற்ற அளவில் மோட்டார் துணைக்கு வரும். அழுத்தம் நின்றால் துணையும் நிற்கும். காலின் பழைய உடம்பறிவை மோட்டாரிடம் கடத்திவிட்டார்கள். பிரேக் வாய் திறக்க வேண்டிய அவசியமே எழவில்லை.

இரண்டாவது விடை சீனாவுடையது. அங்கே மின்சார சைக்கிள் என்றால் முக்கியமாக ஆக்ஸிலேட்டர் வண்டி; பெடல் பெயருக்கு இருக்கும். கால் எதையும் தெரிவிக்காத வண்டியில் 'நிறுத்து' என்ற செய்தி கையிலிருந்துதான் வந்தாக வேண்டும். 1999இல் சீன அரசு வெளியிட்ட மின்சார சைக்கிள் தரநிலை, வேகத்துக்கு மணிக்கு 20 கி.மீ., எடைக்கு 40 கிலோ, மோட்டாருக்கு 240 வாட் என்று வரம்பு வைத்தது. பிரேக் பிடித்தால் மோட்டாருக்கு மின்சாரம் தானாகத் துண்டிக்கப்பட வேண்டும் என்றும் கேட்டது. 2019 ஏப்ரல் 15 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தரநிலை வேகத்தை 25 கி.மீ., எடையை 55 கிலோ, மோட்டாரை 400 வாட் என உயர்த்தியது. பிரேக் நிபந்தனையில் மட்டும் கை வைக்கவில்லை. உலகமெங்கும் போகும் மாற்று கிட்களில் பெரும்பாலானவை சீனத் தொழிற்சாலைகளில் பிறந்தவை. அங்கே செய்யப்படும் கன்ட்ரோலர்களில் பிரேக்குக்கென்று தனி இணைப்பு இருப்பதற்கு இந்தப் பின்னணி உண்டு.

ஐரோப்பா இந்த இரண்டு விடைகளையும் ஒரே தராசில் வைத்தது. 250 வாட், 25 கி.மீ. என்ற வரம்போடு, மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நிற்க வேண்டும் என்பது அங்கே விதி. எவ்வளவு சீக்கிரம் நிற்க வேண்டும்? 2009இல் வந்த இ.என். 15194 தரநிலை அதை மீட்டரில் அளந்தது. பிரேக் லீவரில் துண்டிக்கும் ஸ்விட்ச் இல்லாத வண்டியானால், மிதிப்பதை விட்ட 2 மீட்டருக்குள் மோட்டார் ஓய வேண்டும். ஸ்விட்ச் இருந்தால் 5 மீட்டர் வரை சலுகை. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஒரு சைக்கிள் வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் ஓடும். 2 மீட்டர் என்பது மூன்றில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவு. கூடுதலாகக் கிடைத்த அந்த 3 மீட்டர்தான் லீவர் ஒயருக்குத் தரநிலை போட்ட விலை.

மலிவான கிட்களுக்கு அந்தச் சலுகை ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பெடல் அச்சில் மாட்டும் காந்தத் தட்டு பதில் சொல்லும். பெடல் சுற்றும்போது ஒவ்வொரு காந்தமும் சென்சாரைக் கடந்து ஒரு துடிப்பை அனுப்பும். தட்டில் 5 காந்தம் இருந்து, இரண்டு வினாடிக்கு ஒரு சுற்று என மெதுவாக மிதித்தால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் 0.4 வினாடி இடைவெளி. அடுத்த துடிப்பு வரவில்லை என்று உறுதியாகும் வரை, கால் நின்றுவிட்டது என்பது கன்ட்ரோலருக்குத் தெரியாது. 12 காந்தத் தட்டுகள் இந்தத் தாமதத்தைக் குறைத்தன, அறவே போக்கவில்லை.

போல்டனின் 100 ஆம்பியரை நினைத்துக்கொண்டு லீவருக்குள் பார்ப்பவர் ஏமாந்துபோவார். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரம் அந்தப் பக்கம் எட்டியே பார்ப்பதில்லை. கன்ட்ரோலரின் ஒரு சமிக்ஞை இணைப்பை 'கிரவுண்ட்' இணைப்போடு தொடவைப்பது மட்டுமே லீவர் ஸ்விட்சின் வேலை. ஓடும் மின்சாரம் மில்லி ஆம்பியர் கணக்கு. தொட்டதும் கன்ட்ரோலர் மோட்டாருக்கு மின்துடிப்பு அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். சில லீவர்களில் 'டிக்' என்று ஒலிக்கும் மைக்ரோ ஸ்விட்ச், இரண்டே இழை. வேறு சிலவற்றில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார், மூன்று இழை. இந்த ஹால் விளைவை அமெரிக்காவில் எட்வின் ஹால் கண்டுபிடித்தது 1879இல், மாணவராக இருந்தபோது. இடது, வலது ஸ்விட்சுகள் பக்க இணைப்பில் இருப்பதால் எந்தக் கை முந்தினாலும் மோட்டார் அடங்கும்.

லீவரை மாற்றுவதில்தான் மெக்கானிக்கின் தலைவலி. கிட்டோடு வரும் லீவர் இழுக்கும் ஒயரின் நீளம் எல்லா பிரேக்குக்கும் பொருந்தாது. 'வி' பிரேக்குக்கு நீள இழுப்பு வேண்டும். பழைய காலிப்பர் பிரேக்குக்குக் குறுகிய இழுப்பு போதும். மாற்றி மாட்டினால் மோட்டார் கச்சிதமாக நிற்கும், வண்டி நிற்காது. இரும்புக் கம்பி பிரேக் வண்டியில் ஒயர் லீவரை மாட்ட வழியே இல்லை. ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய்க் குழாயோடு லீவர் ஒன்றிப்போயிருக்கும், கழற்றி எறிய மனம் வராது. இதற்காகவே இருக்கும் லீவரின் கைப்பிடியில் மிளகு அளவுக் காந்தத்தையும் எதிரே ஒரு சென்சாரையும் ஒட்டும் முறை வந்தது. பிரேக் ஒயரின் நடுவே கோத்து, ஒயர் நகர்வதைக் கொண்டு உணரும் சென்சார்களும் உண்டு.

ஒரு கதவு திறந்ததும் வேறு சிலரும் அதன் வழியே நுழைந்தார்கள். பெடல் அச்சில் மோட்டார் பூட்டிய வண்டிகளில், முழு விசையில் கியர் மாற்றினால் செயின் படும் பாடு பெரிது. லீவரை லேசாகத் தொட்டு மோட்டாரை ஒரு கணம் அடக்கி, கியரை மாற்றப் பழகினார்கள் சிலர். பிறகு அதையே தானாகச் செய்யும் கியர் சென்சார் வந்து, அதே பிரேக் இணைப்பில் கிளை போட்டுக்கொண்டது. பல்சக்கரம் இல்லாத ஹப் மோட்டார் உள்ள சில வண்டிகளில், இதே ஸ்விட்ச் தட்டியதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தைக் குறைத்தபடி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். பிரேக் சொல்லத் தொடங்கிய சேதி இங்கே பிரேக்காகவே ஆகிவிடுகிறது.

மறுபக்கத்தில், 2010இல் சைக்கிள் மோட்டாரை அறிமுகப்படுத்திய ஜெர்மனியின் போஷ் நிறுவனம் யமஹாவின் பாதையில் நடந்தது. மிதிவிசை, மிதிவேகம், சக்கர வேகம் மூன்றையும் வினாடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் அளப்பதாக அந்நிறுவனம் சொல்கிறது. அத்தகைய வண்டியின் பிரேக் லீவரில் ஒயரைத் தேடினால் கிடைக்காது. தொழிற்சாலையிலேயே பிறந்த விலையுயர்ந்த மின்சார சைக்கிள்களில் இந்த ஸ்விட்ச் தேவையற்றதாகி வருகிறது. வீட்டு வாசலிலும் தெருமுனைப் பட்டறையிலும் மாற்றப்படும் வண்டிகளில் அதன் ஆயுள் இன்னும் கெட்டி. இந்தியாவில் 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட மின்வண்டி, விதிமுறைப்படி மோட்டார் வாகனமாகவே கருதப்படுவதில்லை. தகுந்த பிரேக்கும் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு பிரதிபலிப்பானும் விதி கேட்பவற்றில் அடங்கும்.

இந்த ஸ்விட்சுக்கு ஒரு பலவீனம் உண்டு. 1870களில் ரயிலுக்கு ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அமைத்த தானியங்கி காற்று பிரேக்கில், குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். கோளாறு வந்தால் ரயில் நிற்கும். சாதாரண லீவர் ஸ்விட்ச் அதற்கு நேர் எதிர். அதன் ஒயர் அறுந்தால் எதுவுமே நடக்காது. மோட்டார் வழக்கம்போல ஓடும். சேதி போகவில்லை என்பது அடுத்த முறை அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியும். மழைநீர் புகுந்தோ துருப்பிடித்தோ ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் கதை தலைகீழ்: பேட்டரி முழுக்க நிரம்பியிருந்தும் மோட்டார் அசையாது. ஓடாத மின்சார சைக்கிள் வந்தால், விஷயம் தெரிந்த மெக்கானிக் முதலில் பிரேக் ஒயரின் இணைப்பைக் கழற்றிப் பார்ப்பது அதனால்தான்.

அறுந்த ஒயரைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். மோட்டார் பின்சக்கரத்தில் இருந்தால், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி அந்தச் சக்கரம் தரையில் படாமல் நிறுத்தி, ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருகுவார்கள். சக்கரம் ரீங்காரத்தோடு சுழலும். முன்பிரேக் லீவரை மட்டும் அரை விரற்கடை அளவு இழுத்ததும், கட்டை எதுவும் தொடாத பின்சக்கரம் சுழன்றபடியே இருக்க ரீங்காரம் மட்டும் பட்டென்று அடங்கும். பிறகு அடுத்த லீவர். அதை அவ்வளவு லேசாக, பிரேக் கட்டை ரிம்மைத் தொடுவதற்கு முன்பே மோட்டார் அடங்குகிறதா என்று காது கொடுத்தபடி இழுப்பார்கள்.