பதோகியிலிருந்து புறப்பட்ட இடக்கை

சென்ற இதழை எம்.ஜே. கோபாலனோடு முடித்திருந்தோம். 1934 நவம்பரில், சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதிய ஆட்டத்தில், ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர். இந்த வாரம் கிரிக்கெட் மைதானத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போகலாம். நம் நாட்டில் பெரும்பாலோர் சினிமாவில் மட்டுமே பார்த்திருக்கும் ஆட்டம், பேஸ்பால். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் அணியோடு ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இருவர். இருவருமே பிட்சர்கள். அதாவது பந்து வீசுவதுதான் அவர்களுக்குச் சம்பளம் தந்த வேலை.

ஆரணிப் பக்கத்துச் சேவூரில் உட்கார்ந்து இதை எழுதும்போது, அவர்கள் பிறந்த மண் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை. ரிங்கு பிறந்தது 1988இல், உத்தரப் பிரதேசத்தின் பதோகி மாவட்டத்தில். பதோகி என்றால் கம்பளம். ஒவ்வொரு முடிச்சாகக் கையால் போட்டு நெய்யும் அந்தக் கம்பளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, நம் ஆரணிப் பட்டுக்கு இருப்பதுபோலவே. தினேஷ் பிறந்தது அதை ஒட்டியிருக்கும் வாரணாசிப் பக்கம், 1989இல். பனாரஸ் பட்டைப் பற்றி ஆரணிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரிங்குவின் அப்பா லாரி ஓட்டுநர். வீட்டில் ஒன்பது பிள்ளைகள். இருவரும் ஈட்டி எறிவதில் கெட்டிக்காரர்கள். பேஸ்பால் என்ற சொல்லைக்கூட அதுவரை அவர்கள் அறிந்திருக்கவில்லை.

ஜே.பி. பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க விளையாட்டு ஏஜென்ட் போட்ட கணக்கு எளிமையானது. நூறு கோடிப் பேர் வாழும் நாடு, தெருவுக்குத் தெரு கிரிக்கெட். அங்கே வேகமாக வீசும் கை ஒன்றாவது இல்லாமலா போகும்? 2008இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்ற தொலைக்காட்சிப் போட்டி நடந்தது. ஊர் ஊராகப் போய், வேகம் அளக்கும் கருவியை வைத்து, வந்தவர்களையெல்லாம் வீசச் சொன்னார்கள். 37,000க்கும் மேற்பட்டவர்கள் வீசினார்கள். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய ரிங்குவுக்கு முதல் இடமும் ஒரு லட்சம் டாலரும் கிடைத்தன. அன்றைய மதிப்பில் சுமார் 40 லட்சம் ரூபாய். தினேஷ் இரண்டாவது. போட்டியின் பெயரிலிருந்த அந்தப் பத்து லட்சம் டாலர் யாருக்கும் கிடைக்கவில்லை.

கிரிக்கெட் வீச்சாளர்களைத் தேடி வந்த இடத்தில் ஈட்டிக்காரர்கள் ஜெயித்தது எப்படி? எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. கிரிக்கெட்டில் வீசும்போது முழங்கையை மடக்கி நீட்டினால் ‘நோ பால்’. சிறுவயது முதல் முழங்கையைப் பூட்டி வைத்தே பழகுகிறோம். பேஸ்பாலில் அந்தப் பூட்டே கிடையாது. இடுப்பு முதலில் திரும்பும், தோள் பின்தொடரும், மடங்கிய முழங்கை காதோரமாக வந்து கடைசியில் சாட்டைபோல் விடுபடும். ஈட்டி எறிகிறவரின் உடம்பும் இதே வரிசையில்தான் விரிகிறது. பதோகிப் பையனின் கையில் பாதிப் பாடம் ஏற்கெனவே இருந்தது.

மீதிப் பாதி பந்தில் இருக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் கொண்டுவந்து தந்த பேஸ்பால் பந்து இப்போது என் மேசைமேல் இருக்கிறது. எடை 142 முதல் 149 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் குறைவு. நடுவில் ரப்பர் போர்த்திய தக்கை, அதன்மேல் சுற்றுச் சுற்றாகக் கம்பளி நூல், எல்லாவற்றுக்கும் மேல் இரண்டு வெள்ளைத் தோல் துண்டுகள். அந்தத் தோலைச் சேர்ப்பது சிவப்பு நூலில் 108 இரட்டைத் தையல். எதிர்வீட்டுப் பெரியவர் ஐம்பது வருடமாகத் தறியில் உட்கார்ந்தவர். அவரிடம் நீட்டினேன். முதலில் தையலைத்தான் கட்டைவிரலால் தடவினார். “கைத் தையல்தான், மெஷினுக்கு இந்த இழுப்பு வராது” என்றார். அவர் சொன்னது சரி. இந்தப் பந்தை இன்றும் ஊசியும் நூலுமாகக் கையால்தான் தைக்கிறார்கள்.

பிட்சரின் வித்தை முழுக்க அந்தத் தையலில் அடங்கியிருக்கிறது. விரல் தையலுக்குக் குறுக்கே படிந்தால் பந்து நேராகப் பறக்கும். தையலோடு சேர்ந்து படிந்தால் கடைசி நேரத்தில் விலகும். மணிக்கட்டைத் திருப்பிவிட்டால் வளைந்து விழும். தரையில் குத்தி எழும் சலுகை இங்கே இல்லை. காற்றிலேயே எல்லாம் நடந்தாக வேண்டும். பத்து அங்குல உயர மண்மேட்டில் நின்று, 18.44 மீட்டர் தூரத்தில், 17 அங்குல அகலத்துக்குள், மட்டைக்காரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடையே பந்து போக வேண்டும். வெறும் வேகத்தை வைத்துக்கொண்டு ஒரு பிழைப்பும் நடக்காது.

2008 மே மாதம் இருவரும் லாஸ் ஏஞ்சலஸ் போய்ச் சேர்ந்தார்கள். தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவர்களுக்குக் கற்பித்தவர் டாம் ஹவுஸ். முன்னாள் பிட்சர்; நோலன் ரயன் போன்ற மேதைக்குப் பயிற்சியாளராக இருந்தவர்; உளவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1974 ஏப்ரல் 8 அன்று ஹேங்க் ஆரன் தன் 715வது ஹோம் ரன்னை அடித்து பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டினாரே, அந்தப் பந்தை வேலிக்கு அப்பால் நின்று பிடித்ததும் இதே ஹவுஸ்தான். அமெரிக்கச் சிறுவன் பத்துப் பன்னிரண்டு வருடம் பழகும் பாடத்தை, ஆங்கிலம் தெரியாத இரண்டு பையன்களுக்கு ஆறே மாதத்தில் அவர் கற்றுத்தர வேண்டியிருந்தது. கையுறையை மாட்டுவதிலிருந்து தொடங்கினார்கள்.

அந்த நவம்பரில் அரிசோனாவின் டெம்பி நகரில், அணிகளின் தேர்வாளர்கள் முன் இருவரும் வீசினார்கள். நவம்பர் 24 அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. இரண்டாம் நாள் மும்பைத் தாக்குதல். நாடு அந்த இரவுகளைத் தவிர வேறெதையும் பேசும் நிலையில் இல்லை.

டிஸ்னி நிறுவனம் 2014 மே மாதம் வெளியிட்ட ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ படத்தின் கதை ஏறக்குறைய இந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. ஜான் ஹாம் ஏஜென்டாக நடித்தார், நம்முடைய ஏ.ஆர். ரகுமான் இசை. நல்ல படம்தான். ஆனால் தேடிக் கண்டெடுத்தவரின் கதையை அது சொன்ன அளவுக்கு, வீசியவரின் கதையைச் சொல்லவில்லை என்பது என் ஆதங்கம். தறியில் பாவு ஏற்றியதுமே சேலை முடிந்துவிட்டது என்று யாராவது சொல்வார்களா?

அமெரிக்காவில் ஒப்பந்தம் போட்டவுடன் பெரிய லீகில் ஆடிவிட முடியாது. கீழே படிப்படியாக மைனர் லீகுகள் இருக்கின்றன. அடிமட்டத்தில் பள்ளி முடித்த பையன்களோடு தொடங்கி, குறைந்த சம்பளத்தில், இரவெல்லாம் பஸ்ஸில் ஊர் மாறி, ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். ஏற முடியாதவர்களே அதிகம். 2009 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, ஃப்ளோரிடாவில் அப்போது நடந்த கல்ஃப் கோஸ்ட் லீகில் ரிங்குவும் தினேஷும் முதன்முதலாகக் களமிறங்கினார்கள். ஜூலை 13 அன்று யாங்கீஸின் இளையோர் அணிக்கு எதிராக ரிங்குவின் பெயரில் ஒரு வெற்றி பதிவானது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஓர் இந்தியர் பெற்ற முதல் வெற்றி அது.

அந்தப் பருவத்தின் மொத்தக் கணக்கு சுமார்தான். ரிங்குவுக்கு 11 ஆட்டம், ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்பதை வைத்துத்தான் பிட்சரை எடைபோடுவார்கள். அது 5.84. தினேஷின் எண் அவரைவிட நன்றாகவே இருந்தது. அடுத்த வருடம் நிலைமை தலைகீழானது. தினேஷின் கை கைகொடுக்கவில்லை. 2010 டிசம்பரில் அணி அவரை விடுவித்தது, அவர் ஊர் திரும்பினார். ரிங்குவின் சராசரி 2.61 ஆக இறங்கியது.

2011தான் அவருடைய வருடம். டொமினிகன் குடியரசில் தொடங்கி, மேற்கு வர்ஜீனியா பவர் அணிவரை ஏறி வந்தார். அந்த அணி இருந்தது முழுப் பருவமும் ஆடும் லீகில். மூன்று வெற்றி, ஒரு தோல்வி, சராசரி 2.95. அந்தக் குளிர்காலத்தில் ஆஸ்திரேலியா போய் கேன்பெரா அணிக்கும் வீசினார். 2008க்கு முன் இந்தப் பந்தைத் தொட்டிராத ஒருவர், பால்ய வயதிலிருந்து இதையே ஆடியவர்களுக்கு எதிராக வீசி வாங்கிய எண் இது. அந்த ஒரு லட்சம் டாலர் பரிசைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதற்குப் பிறகு முழங்கை. 2013இல் ‘டாமி ஜான்’ அறுவைச் சிகிச்சை. மடங்கி விடுபடும் ஒவ்வொரு வீச்சிலும் முழங்கையின் உட்புறத் தசைநார் இழுபடுகிறது, ஒருநாள் அறுகிறது. டாமி ஜான் என்பதே ஒரு பிட்சரின் பெயர். 1974 செப்டம்பரில் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் அவருடைய ஒரு கையிலிருந்து தசைநாண் ஒன்றை எடுத்து, மறுகையின் முழங்கை எலும்பில் துளையிட்டுக் கோர்த்துக் கட்டினார். அறுந்த இழைக்குப் பதில் வேறு இழை. நெசவாளிக்கு இதைவிட விளக்க வேண்டாம். டாமி ஜான் மீண்டு வந்து 46 வயதுவரை வீசினார், சிகிச்சைக்குப் பின் மட்டும் 164 வெற்றி. எல்லாக் கைக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. ரிங்குவின் கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். கயிற்றைச் சுண்டி நாடாவை ஓடவிட்டு ஓடவிட்டு, வலது தோளை இப்போது காதளவுக்குத் தூக்க முடியாதவர் அவர். பந்தைத் திருப்பித் தரும்போது, “அந்தப் பையனுக்கு எந்தக் கை?” என்று மட்டும் கேட்டார். இடது கை என்றேன்.

ரிங்குவின் முழங்கையில் கத்தி பட்ட அதே 2013இல், 1992க்குப் பிறகு முதல் முறையாக பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் தோற்றதைவிட அதிக ஆட்டங்களில் ஜெயித்தது. 94 வெற்றி. அந்த அணியின் சட்டையில் பெரிய லீக் மேட்டில் ஏறும் வாய்ப்பு ரிங்குவுக்கு வரவே இல்லை. 2018இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார்; வீர் என்ற பெயரில் அவரை டபிள்யூடபிள்யூஈயில் பார்த்த பிள்ளைகள் நம் ஊரிலும் உண்டு.

அந்தப் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், படத்தைப் போட்டுக் காட்டுங்கள். படம் முடிந்ததும், 2011இல் அவர் எடுத்த 2.95 என்ற எண்ணையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.