ஷிப்ட் பெட்டியின் முன்னோர்கள்

பனியன் கம்பெனியில் நாள் கணக்கு கிடையாது, ஷிப்ட் கணக்குதான். காலை எட்டரைக்கு வேலைக்கு ஏறினால் மாலை ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை. பவர் டேபிள் டெய்லர், கைமடி, செக்கிங், அயர்ன் என்று எல்லாருக்கும் சனிக்கிழமை கூலி இந்தக் கணக்கில்தான். கணியூர்க்காரனான நான் திருப்பூர் கம்பெனிகளுக்கு அந்தக் கூலிக் கணக்கை மென்பொருளாக எழுதிக் கொடுக்கிறேன்.

என் திரையில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அரை அரையாக ஏறும், இரண்டைத் தாண்டாது, 1.3 என்று அடித்தால் அதுவே பக்கத்து அரைக்கு நகர்ந்துகொள்ளும். உள்ளே இருப்பது ஜிடிகே தொகுப்பின் ஸ்பின்பட்டன் என்ற விட்ஜெட். அதன்மேல் பைத்தானில் ஒரு கிளாஸ் போர்த்தி ‘ஷிப்ட்பெட்டி’ என்று பெயரிட்டேன். கீழ் வரம்பு, மேல் வரம்பு, படி அளவு எல்லாம் கிளாஸுக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. மற்ற நிரல் முழுவதும் ஷிப்ட் என்ற ஒரே பேச்சுதான். இப்படிப் போர்த்தும் பழக்கத்துக்கு முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1987இல் வந்த எக்ஸ்11 சாளர அமைப்போடு எக்ஸ்டி என்ற அடித்தளமும், 1989இல் அதன்மேல் மோட்டிஃப் என்ற விட்ஜெட் தொகுப்பும் வந்தன. பட்டன், மெனு, உருள்பட்டை எல்லாம் சி மொழியில் எழுதப்பட்டவை. சியில் கிளாஸ் இல்லாததால், ஸ்ட்ரக்ட்டுகளைக் கொண்டு மரபுரிமையைக் கையாலேயே கட்டியிருந்தார்கள். சி++காரர்கள் இதன்மேல் கிளாஸ் போடப் போனபோது முதல் முட்டுக்கட்டை கால்பேக். பட்டனை அழுத்தினால் மோட்டிஃப் கூப்பிடுவது சாதாரண சி ஃபங்ஷனை; எந்த ஆப்ஜெக்ட்டின் பட்டன் என்று அதற்குத் தெரியாது. கால்பேக்கோடு சேர்த்தனுப்ப ஒரு பாயின்டருக்கு எக்ஸ்டி இடம் வைத்திருந்தது. அதில் ஆப்ஜெக்ட்டின் முகவரியை அனுப்பி, ஒரு ஸ்டாட்டிக் ஃபங்ஷனில் வாங்கி, உரிய மெத்தடுக்குத் திருப்பிவிட்டார்கள். டக்ளஸ் யங் 1992இல் இம்முறையை ஒரு முழு நூலாகவே விளக்கினார். அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் எம்எஃப்சியை வெளியிட்டு விண்டோஸ் சாளரங்களுக்கு சி++ உறை தந்தது. 1995இல் போர்லாண்டின் டெல்ஃபியும் இதே வழியில் வந்தது.

ஜிடிகே பிறந்தது பெர்க்லி மாணவர்களிடம். ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மேட்டிஸும் கிம்ப் என்ற பட மென்பொருளை முதலில் மோட்டிஃபில்தான் எழுதினார்கள். அது பிடிக்காமல் சொந்தத் தொகுப்பையே செய்துகொண்டார்கள். இதுவும் சிதான், ஆனால் பிற மொழிகள் எளிதில் ஒட்டிக்கொள்ளும்படி அமைந்தது. ஜேம்ஸ் ஹென்ஸ்ட்ரிட்ஜ் 1998 வாக்கில் பைஜிடிகே என்ற பைத்தான் உறையைத் தொடங்கினார். அதே காலத்தில் ஃபில் தாம்சன் கியூடி என்ற மற்றொரு சி++ தொகுப்புக்குப் பைகியூடி தந்தார். பின்னாளில் ஜிடிகே தன் கிளாஸ்களின் விவரத்தைத் தானே கோப்பாகத் தரத் தொடங்கியதும், ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கையால் உறை எழுதும் வேலை பெரும்பாலும் ஒழிந்தது.

உறை என்றாலே இரண்டு உயிர்கள். பைத்தான் ஆப்ஜெக்ட் ஒன்று, அடியில் உள்ள விட்ஜெட் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் சாகவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பைகியூடியில் சாளரத்தை அழித்துவிட்டு அதிலிருந்த லேபிளைத் தொட்டால், உள்ளிருந்த சி++ ஆப்ஜெக்ட் அழிந்துவிட்டது என்று பிழை வரும். டிகே தொகுப்பின் பைத்தான் உறையான டிகின்டரில் நேர்மாறு: படத்தைப் பிடித்துவைக்கப் பைத்தானில் ஒரு மாறியாவது இல்லையென்றால், லேபிள் இருக்கும், அதிலுள்ள கம்பெனி லோகோ மறைந்துபோகும். எது யாருக்குச் சொந்தம் என்பதை முதலிலேயே முடிவுசெய்பவரே நல்ல உறை எழுதுவார்.

இந்த வரலாற்றில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. ‘பொன்னுசாமி’ என்ற பெயரில் முதல் எழுத்துக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வரவேண்டும். 2002இல் வந்த ஜிடிகே 2, எழுத்துகளை அடுக்கும் வேலையைப் பாங்கோ என்ற நூலகத்திடம் ஒப்படைத்தது. அங்கே ஒருமுறை சரியானதும், பைத்தான், சி++, பெர்ல் என எந்த உறை வழியாக வந்தவருக்கும் தமிழ் சரியாகக் கிடைத்தது. லினக்ஸில் டிகின்டரோ நெடுங்காலம் கொம்பையும் காலையும் பிரிக்கத் தெரியாமல் திணறியது. கோளாறு அடியிலிருந்த டிகேயில். மேலே எவ்வளவு அழகான கிளாஸ் போட்டாலும் அது தீரவில்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழி 2009இல் கட்டுரையாக அறிமுகமானது. அதற்கான ‘எழுதி’ என்ற எடிட்டர் ஜிடிகேயைப் பைத்தான் உறை வழியாகத்தான் பயன்படுத்துகிறது. தமிழில் நிரல் எழுதும் பிள்ளைகளின் திரை வரை அந்த அடித்தள உழைப்பு வந்து சேர்ந்திருக்கிறது.

உடுமலை, தாராபுரம், மடத்துக்குளம் பக்கத்துக் கல்லூரிகளில் கணினி படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். மேலே நிற்கும் கிளாஸை மட்டும் படித்து நிறுத்திவிடாதீர்கள். ஜிடிகேயும் பாங்கோவும் திறந்த மூல நிரல்கள். யாரும் வாசிக்கலாம், திருத்தியும் அனுப்பலாம். அடியில் நீங்கள் ஒரு வரி திருத்தினால், அது எல்லா மொழிக்காரருக்கும் எல்லாக் கம்பெனிக்கும் போய்ச் சேரும்.