கண்டி இரவின் வரலாறு

அரசர்களின் வரலாறும் போர்களின் வரலாறும் நமக்கு உண்டு. இரவின் வரலாறு எழுதப்படவில்லை. கண்டியைப் பொறுத்தவரை அதுவும் ஒரு பொருளாதார வரலாறே.

பழைய கண்டியில் பேரொளி என்பது பெரஹரா இரவுகளில் இரும்புக் கூடைகளிலே கொப்பரா எரியும் பந்தங்களின் ஒளியாகும். ஊர்வலம் முடிந்ததும் அது அணையும். நகர் தன் இருளுக்குத் திரும்பும். தலதா மாளிகைக்குப் பின்னால் எழுந்து நிற்கும் உடவத்தகெலே வனம் 1856இல் ஒதுக்குக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. கோடரியிலிருந்தும் துப்பாக்கியிலிருந்தும் காட்டைக் காப்பதே நோக்கம். விளக்கிலிருந்தும் அதைக் காக்கவேண்டி வருமென அன்று யார்தான் எண்ணியிருப்பர்?

மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாமென்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்தார். முப்பதாண்டுகளுக்கு மேல் இழுபட்ட பின்னர், 1950இலேதான் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கிற்று. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கம் எழுந்தது. தேயிலை மலைகளின் தண்ணீர் நகரங்களை ஒளிரச் செய்தது. அத்தேயிலையைப் பறித்தோரின் லயன் அறைகளிலோ பல தசாப்தங்கள் குப்பிவிளக்கே புகைந்தது. மின்கம்பிகள் அவர்களின் தலைக்கு மேலாகச் சென்றன. இதனை மறந்து இருளின் மேன்மையைப் பேசுவது, உண்டவன் உபவாசத்தின் பெருமையைப் பேசுவதை ஒக்கும்.

ஆயினும் மிகை வெளிச்சம் செய்யும் கேடு மெய்யானது. விட்டில் விளக்கை விரும்பி வருகிறதென்று காலங்காலமாகச் சொல்லி வந்தோம். காதலுக்கு உவமையும் ஆக்கினோம். 2024இல் வெளியான ஆய்வு ஒன்று வேறு கதை கூறுகிறது. பறக்கும் பூச்சி தன் முதுகை ஒளிமிக்க பக்கத்துக்குத் திருப்பும் இயல்புடையது. இயற்கையில் அந்தப் பக்கம் எப்போதும் வானமே. விளக்கருகே வானம் எதுவெனத் தெரியாது சுழன்று, களைத்து, பல்லிக்கு இரையாகிறது. பாவம், அங்கே காதலும் இல்லை, தற்கொலையும் இல்லை!

மின்மினியின் நிலையும் இரங்கத்தக்கது. ஆண் ஒளிவிட்டு அழைக்கப் பெண் ஒளியாலேயே விடையளிக்கும். தெருவிளக்கின் முன் அவ்வுரையாடல் அழிகிறது. வெளிச்சமுள்ள வழியை வௌவாலினங்கள் பல தவிர்க்கின்றன. காட்டு மரங்களின் விதைகளைச் சுமந்து பரப்புவனவற்றுள் பழந்தின்னி வௌவாலும் ஒன்று என்பதை நினைக்கவேண்டும்.

2022இன் நெருக்கடியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்சாரம் நின்றது. அந்த இருளை எந்தச் சூழலியலாளனும் வரவேற்றிருக்க முடியாது. அது படிக்கும் பிள்ளையின் மேசையிலே விழுந்த இருள். நாம் வினவுவது வேறு. பிள்ளையின் மேசைக்கு வேண்டிய ஒளியையும், விளம்பரப் பலகையும் விடுதி முகப்பும் வானத்தில் வீசும் ஒளியையும் ஒரே கணக்கில் எழுதுவது எவ்வகை நியாயம்? தெருவிளக்கின் மேற்புறத்தை ஒரு தகட்டால் மூடி, கதிரைத் தரைக்குத் திருப்பினால் குறைந்த மின்சாரத்திலேயே பாதை தெளிவாகத் தெரியும். நீலம் மிகுந்த வெண்ணொளிக்குப் பதிலாக மஞ்சளொளி பூச்சிகளைக் குறைவாகவே ஈர்க்கும். இவற்றுக்குப் புதிய அணைக்கட்டு எதுவும் தேவையில்லை.