ரைன் நதிக்கு ஒரே கணக்கு

நான் பிரெஞ்சில் பூகோளம் படித்தவன். ரைன் நதியை 'லு ரேன்' என்போம். அல்சாஸின் எல்லை என்பதோடு பாடம் முடிந்துவிடும். அந்தத் தண்ணீரைச் சோதிக்க நாடுகள் பட்ட பாட்டை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். கோப்புகளோடு மாரடித்த எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

சுமார் 1,230 கிலோமீட்டர் ஓடும் நதி. கடைமடையில் இருப்பது நெதர்லாந்து. மேலே யார் எதைக் கொட்டினாலும் அவர்கள் குடிநீரில் வந்து நிற்கும். ஆளுக்கொரு முறையில் அளந்துகொண்டிருந்தால் வழக்கு எப்படித் தீரும்?

1950-இல் சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க், நெதர்லாந்து சேர்ந்து ஓர் ஆணையம் அமைத்தன. எடுத்த எடுப்பில் தடை உத்தரவு எதுவும் போடவில்லை. சுவிட்சர்லாந்து தொடங்கி நெதர்லாந்து வரை எங்கே தண்ணீர் எடுப்பது, எப்படிச் சோதிப்பது என்று பொதுவாக முடிவு செய்தார்கள். குமாஸ்தா வேலைதான். ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட அளவு இல்லாமல் எந்தக் கோப்பும் நகராது என்பது எனக்குத் தெரியும்.

அளந்ததால் மட்டும் அழுக்கு நின்றுவிடவில்லை. அல்சாஸ் பொட்டாஷ் சுரங்கங்கள் ரைனில் உப்பைக் கொட்டிக்கொண்டே இருந்தன. நெதர்லாந்து நாற்றுப் பண்ணைக்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். சேதம் நேர்ந்த ஊரிலும் வழக்குத் தொடரலாம் என்று 1976-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது.

1986 நவம்பர் 1 அதிகாலை பாசெல் நகரத்துக்கு அருகே சாண்டோஸ் கம்பெனியின் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்துகள் நதியில் இறங்கின. தண்ணீர் சிவந்தது. சுமார் 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்தன. கீழே இருந்தவர்களுக்குத் தகவல் தாமதமாகத்தான் போனது. நாள் குறித்துவைத்துப் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பவருக்கு, இடையில் கடந்துபோகும் விஷம் எப்படி அகப்படும்?

பாசெலுக்குச் சற்றுக் கீழே, ஜெர்மனியின் வைல் அம் ரைனில், 1993-இல் ஒரு நிலையம் திறந்தார்கள். செலவை ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் பகிர்ந்துகொள்கின்றன. இடைவிடாமல் தண்ணீர் எடுக்கிறார்கள். அதுவும் ஓரிடத்தில் அல்ல, நதியின் குறுக்கே ஐந்து இடங்களில்! ஒரு கரையில் விட்ட கழிவு உடனே நதி முழுக்கக் கலந்துவிடாது. பல கிலோமீட்டர் அந்தக் கரையை ஒட்டியே ஓடும். எதிர்க்கரையில் மொண்டவர் "சுத்தம்" என்று மனதாரக் கையெழுத்துப் போடுவார். நூறு நிலையம் வைத்தாலும் எல்லாம் தவறான கரையில் இருந்தால் என்ன பயன்?

நெதர்லாந்து எல்லையிலும் இதே கதைதான். வலக்கரையில் லோபித், இடக்கரையில் ஜெர்மனியின் பிம்மன். இரண்டையும் நெடுநாள் தனித்தனியே நடத்தினார்கள். இப்போது இரு கரைக்கும் சேர்த்து ஒரே ஆய்வகம்.