மெய்நிகர்க் கல்லீரலும் மெய்யான கொடையாளரும்

உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சையைத் திட்டமிட மெய்நிகர்த் தொழில்நுட்பம் எந்த அளவுக்குப் பயன்படுகிறது? மெய்நிகர்ப் படத்தைக் காட்டும் தலையணியை அணிந்து பார்த்த மருத்துவர்களுக்கு உறுப்பின் அமைப்பு தெளிவாக விளங்கியதா என்று கேட்டு இதற்கு விடை தேடுவது எளிது. உயிருடன் இருக்கும் கொடையாளரிடம் கல்லீரலின் ஒரு பகுதியை எடுக்கும் சிகிச்சைக்கு இந்த அளவுகோல் போதாது. தலையணியைக் கழற்றியபின் எந்த முடிவு மாறியது, அதனால் கொடையாளருக்கு நேர்ந்த நன்மை என்ன என்பவையே இங்குக் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

இக்கேள்விகள் ஏன் எழுகின்றன என்பதை இச்சிகிச்சையின் வரலாறே காட்டும். 1989-இல் பிரிஸ்பேனில் ரசல் ஸ்ட்ராங் குழுவினர் தாயின் கல்லீரல் பகுதியை மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டனர். குழந்தைக்குச் சிறிய இடப்பகுதி போதும், பெரியவருக்குப் போதாது. ஆகவே வலது மடலை எடுக்கும் முறை வந்தது. 1996-இல் ஹாங்காங்கில் ஃபான் ஷியுங் தாட் குழுவினர் நடுக் கல்லீரல் சிரையையும் சேர்த்தே அம்மடலை எடுத்தனர். இன்றுவரை ஓயாத விவாதம் ஒன்று இதைச் சுற்றித்தான் நடக்கிறது. அந்தச் சிரை இரு மடல்களின் எல்லையில் ஓடுகிறது. கல்லீரலின் எட்டுக் கூறுகளில் வலப்புறம் ஐந்தாம், எட்டாம் கூறுகளின் இரத்தத்தையும் இடப்புறம் நான்காம் கூறின் இரத்தத்தையும் பெருமளவு அதுவே வடிக்கிறது. பெறுநருக்குக் கொடுத்துவிட்டால் கொடையாளரின் நான்காம் கூறில் இரத்தம் தேங்கக்கூடும். கொடையாளரிடமே விட்டால் பெறுநருக்குப் போன மடலின் முன்பகுதி தேங்கக்கூடும்.

பெறுநரின் உடல் எடையில் குறைந்தது 0.8 விழுக்காடு அளவுக்குக் கல்லீரல் வேண்டும் என்பது பரவலான விதி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 480 கிராம். 600 கிராம் மடல் கிடைத்தாலும் அதில் 200 கிராமுக்கு வடிகால் இல்லையென்றால் உழைப்பது 400 கிராம்தான். ஒவ்வொரு சிரையும் எவ்வளவு பரப்பை வடிக்கிறது, வெட்டுக்கோடு அதை எங்கே குறுக்கிடுகிறது என்பதை அறுவைக்கு முன்பே கண்டால், 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கிளைகளை இணைப்பதற்கான இரத்தக்குழாய்த் துண்டை முன்னதாகவே ஆயத்தம் செய்யலாம். மடலின் கனஅளவைத் தட்டைத் திரையில் இயங்கும் மென்பொருளே கணக்கிட்டுத் தந்துவிடும். ஒன்றின்பின் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் சிரை, வாயிற்சிரை, பித்த நாளம் ஆகியவற்றின் ஆழத்தைக் காட்டுவதில்தான் தலையணி கூடுதலாக உதவுகிறது. அமைப்பு எளிதாக உள்ள கொடையாளருக்கு அது தேவையில்லை என்பதையும் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் தலையணி காட்டும் படம் எதிலிருந்து பிறக்கிறது? கல்லீரலை எட்டுக் கூறுகளாகப் பகுத்த ஃபிரெஞ்சு உடற்கூற்றியலர் குளோட் குயினோ, இறந்தோரின் கல்லீரல் குழாய்களில் பிசின் செலுத்தி வார்ப்புகள் எடுத்தார்; அவரது நூல் 1957-இல் வெளிவந்தது. பிசின் எட்டாத கிளை வார்ப்பில் இல்லை. சி.டி. படத்திலிருந்து உருவாகும் மெய்நிகர்ப் படமும் ஒருவகை வார்ப்பே. பிசினுக்குப் பதில் இங்கே இரத்தக்குழாய்களைப் படத்தில் துலங்கச் செய்யும் கான்ட்ராஸ்ட் மருந்து. ஊசி போட்டு ஏறத்தாழ 70 நொடிகளில் எடுக்க வேண்டிய சி.டி. படத்தைச் சற்று முந்தி எடுத்தால் கல்லீரல் சிரைகளில் மருந்து நிறைந்திருக்காது. மென்பொருளுக்கு அங்கே சிரை தென்படாது. தலையணிக்குள் வழுவழுப்பான, சிக்கலற்ற கல்லீரல் ஒன்று தெரியும். மங்கலான சி.டி. படத்தைப் பார்க்கும் மருத்துவர் ஐயப்படுவார். வண்ணம் தீட்டிய முப்பரிமாணப் படமோ அந்த ஐயத்தையே அழித்துவிடுகிறது. இந்தத் தொழில்நுட்பத்தில் என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது இதுதான். மேலும், வலது மடலை அதன் பிணைப்புகளிலிருந்து விடுவித்ததும் உறுப்பின் வடிவமே மாறிவிடுகிறது, படம் மாறுவதில்லை.

வலது மடல் கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை உயிரிழக்கக்கூடும் என்று மதிப்பிடப்படுகிறது. நோயே இல்லாத ஒருவர் பிறருக்காக ஏற்கும் ஆபத்து இது. எனவே மெய்நிகர்த் திட்டமிடலின் மிக உயர்ந்த பயன், சில கொடையாளர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதாகவும் இருக்கலாம். 'எத்தனை அறுவைகளுக்கு உதவியது' என்ற கணக்கில் இது வராது. வர வேண்டுமானால், தலையணியைப் பார்க்கும் முன் குழு எடுத்த முடிவையும் பார்த்தபின் எடுத்த முடிவையும் தனித்தனியே எழுதி, கொடையாளருக்கென நியமிக்கப்பட்ட மருத்துவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். அறுவையின்போது கண்ட சிரைகளையும் எடுத்த மடலின் எடையையும் அதே தாளில் பதிய வேண்டும். படத்தில் தெரியாமல் வயிற்றைத் திறந்தபின் தெரிந்த ஒவ்வொரு சிரையும் அதில் இடம்பெறட்டும்.