இலையில்லாப் பூ, பூவில்லா இலை

ஆகஸ்டு கடைசியில் கோல்சிக்கம் கிழங்கு ஒன்றை ஜன்னல் விளிம்பில் வெறுமனே வைத்தாலும் பூத்துவிடும். மண் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். பழுப்புத் தோல் போர்த்து, ஒரு பக்கம் கால் நீட்டினாற்போல் கோணலாக இருக்கும் அந்தக் கிழங்கிலிருந்து வெளிறிய குழல் ஒன்று எழும்பி, நுனியில் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் ஆறு இதழ்களை விரிக்கும். பெயருக்குக்கூட ஓர் இலை இராது. காம்பு என்று நாம் நினைப்பது இதழ்களே கீழே ஒன்றுசேர்ந்து நீண்ட குழல்தான். தோட்டத்தில் நட்ட செடியில் சூலகம் மண்ணுக்குள் கிழங்கை ஒட்டியே கிடக்கும். குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கி, வசந்தத்தில் அகன்ற இலைகளுக்கு நடுவே காயாக மேலே வரும். பூவைக் கண்டவர் இலையைக் காண்பதில்லை, இலையைக் கண்டவர் பூவைக் காண்பதில்லை. காய் முந்திப் பூ பிந்துகிறது என்று எண்ணிய பழைய ஐரோப்பியர் லத்தீனில் இதற்குத் தகப்பனுக்கு முன் பிறந்த மகன் என்று பொருள்படும் பெயர் சூட்டினார்கள். இந்தச் செடி பற்றிய குழப்பங்கள் பெரும்பாலும் இந்த இரட்டை வாழ்விலிருந்தே பிறந்தவை. அவற்றைத் தீர்த்த பெருமையில் பெரும்பங்கு மருத்துவர்களைவிட, ஒரே பாத்தியை ஆண்டு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த தோட்டக்காரர்களையே சேரும் என்பது என் கருத்து.

இரண்டாயிரம் ஆண்டுகளாக மருத்துவர்கள் அறிந்த செடிதானே இது என்று கேட்கலாம். கருங்கடலின் கிழக்குக் கரையிலிருந்த கொல்கிஸ் நாட்டின் பெயரால் இதை அழைத்தவர்களில் முதல் நூற்றாண்டின் டயாஸ்கோரிடீஸ் முக்கியமானவர். ஆனால் அவர் இதைத் தம் நூலில் சேர்த்த காரணத்தைக் கவனிக்க வேண்டும். சுவையாக இருக்கிறதே என்று உண்ணத்தக்க வேறொரு கிழங்காக எண்ணி யாரும் தின்று சாகக் கூடாது என்பதற்காகவே இதை விவரிக்கிறார். நஞ்சை முறிக்கப் பசும்பால் குடிக்கச் சொல்கிறார். ஆக, ஆள்மாறாட்டம் அன்றே தொடங்கிவிட்டது. ஆறாம் நூற்றாண்டில் ட்ரால்லெஸ் நகர அலெக்சாண்டர் கீல்வாதத்துக்கு ஹெர்மோடாக்டில் என்ற கிழங்கைக் கொடுத்தார். அது கோல்சிக்கம்தான் என்று இன்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஆனால் அந்த ஹெர்மோடாக்டில் எந்தச் செடி என்று பிற்கால அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக வாதாடினார்கள். கடைசியில் அந்தப் பெயர் ஐரிஸ் குடும்பத்துச் செடி ஒன்றின் தலையில் போய் உட்கார்ந்தது. மருந்துக் கடைக்கு வருவது காய்ந்த கிழங்கு. பூவோ இலையோ அதோடு வருவதில்லை. நம் நாட்டு மருந்துக் கடைகளில் சுரஞ்சான் என்று விற்கும் யுனானிச் சரக்கும் இந்த இனத்துக் கிழங்குதான். அதிலும் இனிப்பு, கசப்பு என்று இரண்டு வகை சொல்வார்களே தவிர, கையிலிருக்கும் துண்டை வைத்து எந்தச் செடி என்று உறுதியாகச் சொல்வது கடினம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹூஸோன் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி கீல்வாதத்துக்கு ரகசிய மருந்து நீர் ஒன்றை விற்றார். அதில் இருப்பது கோல்சிக்கம் என்று ஜான் வான்ட் வெளிப்படுத்தியது 1814-இல்தான். அதுவரை செல்வந்தர்களும் அறிஞர்களும் எதைக் குடிக்கிறோம் என்று தெரியாமலே குடித்தார்கள்.

தோட்டத்தின் கதை வேறு. கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்த கிழங்குகளை வளர்த்துப் பார்த்த தாவரவியலாளர் க்ளூசியஸ், ஐரோப்பாவில் பழக்கமான புல்வெளிச் செடியான ஆட்டம்னேலிலிருந்து வேறுபட்ட கோல்சிக்கங்களும் உண்டு என்று கண்டார். லின்னேயஸ் 1753-இல் இந்த இனத்தில் மிகச் சில சிற்றினங்களையே பட்டியலிட்டார். இன்று நூற்றுக்கும் மேல் ஏற்கப்பட்டுள்ளன. இடையில் என்ன நடந்தது? உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்க்கும் முறை மற்றத் தாவரங்களுக்குப் பெரிய உதவி செய்தது. கோல்சிக்கத்துக்கு அது பாதி உதவியே செய்தது. செப்டம்பரில் பறித்த மாதிரியில் இலை இல்லை. ஏப்ரலில் பறித்ததில் பூ இல்லை. காய்ந்தபின் இதழின் நிறமும் கட்டங்களும் போய்விடுகின்றன. இரண்டு தாள்களும் ஒரே செடியினுடையவை என்பதற்குச் சான்று, இரண்டு பருவத்திலும் ஒரே இடத்தில் நின்ற உயிருள்ள கிழங்குதான். லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் மிடில்டன் ஹவுஸ் தோட்டத்தை வளர்த்த இ. ஏ. போல்ஸ், குரோக்கஸையும் கோல்சிக்கத்தையும் பற்றி 1924-இல் தோட்டக்காரர்களுக்காக எழுதிய கையேட்டின் பலம் இங்கேதான் இருக்கிறது. அவர் செடிகளோடு குடியிருந்து எழுதினார். பின்னாளில் ஸ்வீடனின் யோதன்பர்க்கில் கரின் பெர்சன் பல சிற்றினங்களைப் பிரித்தறிந்ததும் உயிருள்ள செடிகளை வளர்த்துப் பார்த்துத்தான்.

தோட்டம் கற்றுத்தரும் முதல் பாடம் எளிது: குரோக்கஸையும் கோல்சிக்கத்தையும் பிரித்தறிவது. குரோக்கஸில் மகரந்தத் தாள்கள் 3, கோல்சிக்கத்தில் 6. குரோக்கஸின் சூல்தண்டு ஒன்றாகக் கிளம்பி மேலே பிரியும். கோல்சிக்கத்தில் அடியிலிருந்தே மூன்று தனித் தண்டுகள். குங்குமப்பூ தருவது இலையுதிர்காலக் குரோக்கஸ் ஒன்று. அதே பருவத்தில் அதே சாயலில் பூக்கும் நஞ்சுக்கும் ஆங்கிலத்தில் குங்குமப்பூவின் பெயரையே ஒட்டவைத்தது எவ்வளவு ஆபத்து! அதற்குப் பிறகுதான் பாடம் கடினமாகிறது. கோல்சிக்கம் வேரியகாட்டம் இதழில் சதுரங்கப் பலகை போல் கட்டங்கள் தெரியும், மகரந்தப்பைகள் கருத்திருக்கும். ஸ்பெசியோசம் பெரிய கிண்ணப் பூ. அதன் வெள்ளை வகையைவிட அழகான இலையுதிர்காலப் பூவை நான் சொல்லமாட்டேன். பைசான்டினத்தில் சூல்தண்டு நுனி சிவந்திருக்கும். ஆனால் அதன் உண்மையான அடையாளம் வசந்தத்தில் வரும் மடிப்பு மடிப்பான அகன்ற இலை. செப்டம்பரில் மட்டும் பார்த்தவர் அதை எப்படி அறிவார்?

தோட்டக்காரர்கள்தானே பெயர்களைக் கெடுத்தவர்கள் என்ற மறுப்பு வலுவானது, அதை ஒதுக்க முடியாது. பைசான்டினத்தைக் கிழங்கு வியாபாரிகள் நெடுங்காலம் ஆட்டம்னேலின் பெரிய வகை என்று விற்றார்கள். டச்சு வளர்ப்பாளர்களின் கலப்புகள் வந்தபின் தாய் யார், தந்தை யார் என்று சொல்ல முடியாத பூக்கள் பெருகின. ஆனால் இந்தத் தவறு நடந்தது சந்தையில். கிழங்கு உறங்கும் கோடையில், பூவும் இலையும் இல்லாத நிலையில் அது கைமாறுகிறது. பொட்டலத்தின் மேல் எழுதியதை நம்புவதைத் தவிர வாங்குபவருக்கு வழியில்லை. தவறைக் கண்டுபிடித்ததும், நட்டுவிட்டு அடுத்த மே மாதம் வரை பொறுத்திருந்த அதே தோட்டக்காரர்கள்தான். மரபணு ஆய்வு வந்தபின் இதெல்லாம் எதற்கு என்பாரும் உண்டு. 2007-இல் ஆண்ட்ரோசிம்பியம் என்ற இனத்தையே கோல்சிக்கத்துக்குள் கொண்டுவந்தது அந்த ஆய்வு. இனத்தின் எல்லையை அது வகுத்தது. ஆனால் மத்திய ஐரோப்பாவில் வசந்தத்தில் காட்டுப்பூண்டு இலை பறிக்கப் போய், பூவில்லாத கோல்சிக்கம் இலையைச் சமைத்து உயிர்விடுகிறவருக்கு ஆய்வுக்கூடம் உதவாது. கசக்கி முகர்ந்து பார் என்பார்கள். ஆனால் பூண்டு ஒருமுறை விரலில் பட்டுவிட்டால் எல்லா இலையும் பூண்டாகவே மணக்கும்.

நம் செங்காந்தளும் கோல்சிக்கத்தின் குடும்பம்தான், கோல்சிக்கத்தில் உள்ள அதே கோல்ச்சிசின் நஞ்சுதான் அதிலும். கொடியில் நுனி சுருண்ட இலையும் பூவும் காயும் ஒன்றாகவே தெரிவதால் மண்ணுக்கு மேலே அதை எவரும் வேறொன்றாக நினைப்பதில்லை. விதைக்காகக் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் அதைப் பயிரிடும் நம் உழவர்களுக்கு அடையாளச் சிக்கல் கிடையாது. ஆனால் இலங்கையில் அதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணித் தின்றவர்கள் உண்டு. தோண்டி எடுத்த கிழங்கில் கொடி இல்லை.

கோல்சிக்கம் வளர்ப்பவர் ஆகஸ்டில் 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் கிழங்கை நடட்டும். பூத்ததும் மகரந்தப்பையின் நிறத்தையும் சூல்தண்டின் நுனியையும் குறித்து, அதே இடத்தில் ஒரு குச்சி ஊன்றட்டும். வசந்தத்தில் அந்தக் குச்சியடியில் எழும் இலையின் எண்ணிக்கையையும் அகலத்தையும் அதே அட்டையில் எழுதட்டும். ஜூனில் இலை மஞ்சளாகிச் சாய்ந்து பார்வைக்கு அசிங்கமாக இருக்கும். அதுவாகக் காயும்வரை அறுக்கக் கூடாது. அடுத்த பூவுக்கான சத்து அந்த இலையிலிருந்துதான் கிழங்குக்கு இறங்குகிறது.