கழிவு மணலும் கனல் தாங்கும் உலோகமும்

கோலசிலாங்கூர் மாவட்டத்தில், புக்கிட் ரோத்தானிலிருந்து உள்நாடு நோக்கிச் சென்றால் பெஸ்தாரி ஜெயா வரும். 2007ஆம் ஆண்டு வரை அதற்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். அவ்வூரை அடுத்த நீர்நிலைகள் பல, ஈயச் சுரங்கத் தொழில் விட்டுச் சென்றவை. மிதக்கும் பெருங்கப்பல்கள் மண்ணை வாரி வெள்ளீயக் கனியத்தைப் பிரித்தெடுத்தன. எஞ்சிய கனத்த மணலை மலாய் மொழியில் 'அமாங்' என்பர். மலேசிய அமாங்கில் மோனசைட்டு, செனோடைம் என்னும் கனியங்கள் உண்டு. ஈயம் தேடியவர்க்கு இவை மாசு. ஆனால், கனல் தாங்கும் உலோகத்தைக் காக்கும் பொருள் இவற்றினுள்ளேதான் இருந்தது. அவ்வரலாறு அறியத்தக்கது.

உலோகம் உயிர்வளியாகிய ஆக்சிஜனுடன் கூடும்போது அதன்மேல் ஒரு படலம் தோன்றுகிறது. இரும்பின் துரு உதிர்ந்துவிடுவதால் அடுத்த அடுக்கும் அரிக்கப்படுகிறது. அலுமினியப் பாத்திரத்தின் படலமோ கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லியதாயினும், இறுகப் பற்றி நின்று உள்ளிருப்பதைக் காக்கிறது. 1906இல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ், நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். குரோமியப் படலம் காத்தமையால், செந்தழலாய்க் கனன்றபோதும் அக்கம்பி எரிந்துபோகவில்லை. மின்னடுப்புக்கு ஏற்ற சுருள் கிடைத்தது.

எனினும், சூடேறி ஆறுந்தோறும் படலம் சிறிது சிறிதாக உரிந்தது. சீரியம் போன்ற அருமண் உலோகங்களைச் சிறிதளவு சேர்த்தால் கலப்புலோகம் நெடுநாள் உழைக்கும் என்று கண்டு, 1937இல் பிரிட்டனில் எல். பி. பைல் காப்புரிமை பெற்றார். சீரியத்தைத் தரும் கனியங்களுள் முதன்மையானது மோனசைட்டு. திருவிதாங்கூர்க் கடற்கரை மணலில் அதனை 1909இல் கண்டறிந்தவர் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர். அவர் ஆலை அமைத்த மணவாளக்குறிச்சி 1956இல் தமிழகத்துடன் இணைந்தது. அன்று காஸ் விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியத்திற்காகவே அம்மணல் கப்பலேறியது.

சீரியம் செய்த உதவி யாது? பல விளக்கங்கள் கூறப்பட்டன. 1980களில் ஆய்வாளர் பார்வை கந்தகத்தின்மீது திரும்பியது. ஜெட் விமானப் பொறியின் கலப்புலோகங்களில், பத்து இலட்சம் பங்கில் சில பங்கே கந்தகம் இருப்பினும், அது வெப்பத்தில் நகர்ந்து, படலமும் உலோகமும் கூடும் எல்லையில் சேர்ந்து பிணைப்பைத் தளர்த்துகிறது. சீரியத்தின் இனமான இட்ரியம் அக்கந்தகத்தை உள்ளேயே பிடித்து நிறுத்துகிறது. இட்ரியம் சேர்க்காமல், ஹைட்ரஜனில் சூடேற்றிக் கந்தகத்தைப் பெரிதும் நீக்கிய உலோகத்திலும் படலம் உதிராது நின்றது. கந்தகத்தின் பங்கு இதனால் உறுதிப்பட்டது. இட்ரியமும் அளவு மீறினால் கேடே விளைக்கும்.

செனோடைம் இட்ரியம் மிகுந்த கனியம். ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில், அமாங்கிலிருந்து அருமண்களைப் பிரிக்கும் ஆலை 1982இல் தொடங்கியது. கழிவில் தங்கிய தோரியத்தின் கதிர்வீச்சை அஞ்சிய ஊர்மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தனர். 1992இல் உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்துமாறு தீர்ப்பளித்தது. 1993இல் மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு தள்ளப்பட்டது. ஆயினும் 1994இல் ஆலை மூடப்பட்டது.

கந்தகத்தின் சிறு துகளையும் தேடிப் பிடித்த அறிவியல், அதற்கு மருந்தாகும் இட்ரியத்தைப் பிரிக்கும்போது எஞ்சும் மாசை எங்கே வைப்பது என்ற வினாவுக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளது.